ஒரே மேசையில் இரண்டு கோப்புகள்

என் தந்தையாருக்கு இரண்டு மருத்துவக் கோப்புகள் இருந்தன. இதயத்துக்கான கோப்பு, மதுரையில் ஒரு மருத்துவமனை தந்த நீல நிற உறையில் இருந்தது. சிறுநீரகத்துக்கான கோப்பு, திண்டுக்கல்லில் வேறொரு மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட துணிப்பையில் இருந்தது. மதுரைக்குப் போகும் நாளில் நீல உறையை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லுக்குப் போகும் நாளில் துணிப்பையை. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்தக் கோப்புகள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

சின்னாளபட்டியில் நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர் அவர். முதலில் கால் வீங்கியது. பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. இதய மருத்துவர் நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். வீக்கம் வடிந்தது, இரவில் தூக்கம் வந்தது. அடுத்த மாதம் இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரக மருத்துவர் நீர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கிரியேட்டினின் சற்று இறங்கியது. மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் அப்பா எழுந்து உட்கார்ந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். மறுபடியும் மதுரை, மறுபடியும் மாத்திரைக் கூட்டல். இந்த ஊசலாட்டம் ஐந்து முறை நடந்தது. இருவரும் திறமையான மருத்துவர்கள். அவரவர் உறுப்பளவில் இருவர் செய்ததும் சரி. ஆனால் அந்த இரண்டு உறுப்புகளும் இருந்தது ஒரே உடலில்.

“ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்களாப்பா?” என்று அப்பா ஒருநாள் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் தமிழ் இலக்கியம் படித்தவன். கல்லூரியில் அதையே கற்பிப்பவன். ஆயினும் அந்தக் கேள்வி என்னைச் சில மாதங்கள் மருத்துவ நூல்களுக்குள் இழுத்துச் சென்றது. அங்கே நான் கண்டுகொண்டதையும், அதிலிருந்து எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தையும் இங்கே முன்வைக்கிறேன். இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து பழுதுபடும்போது அவற்றை இரண்டு நோய்களாகப் பிரித்து நடத்துவது அறிவியலுக்கும் பொருந்தாது, நோயாளிக்கும் கேடு. இதை விளக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பொருளிலிருந்து தொடங்கவேண்டும்.

*

நம் பாடநூல்கள் ‘மைட்டோகாண்டிரியா’ என்று ஒலிபெயர்த்து எழுதுவதை ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இழைமணி’ என்று எழுதுகின்றன. 1898இல் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர் நுண்ணோக்கியில் அதைக் கண்டு பெயரிட்டபோது, கிரேக்க மொழியில் நூலிழையைக் குறிக்கும் சொல்லையும் சிறுமணியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்தார். சில வேளை நூல்போல் நீண்டும் சில வேளை மணிமணியாகத் துண்டுபட்டும் அது தோன்றியதே காரணம். ஈழத்துச் சொல்லாக்கம் அந்தப் பொருளை அப்படியே பிடித்திருக்கிறது. இந்தச் சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கிறேன். இதைத் தூய்மைவாதம் என்று யாரும் கொள்ளவேண்டா. நெசவாளியான என் தந்தைக்கு ‘மைட்டோகாண்டிரியா’ என்பது வெறும் ஓசை, ‘இழைமணி’ என்றதும், “நூல்ல முடிச்சு விழுந்தாப்ல இருக்குமா?” என்று அவர் கேட்டார். கேள்வி பிறந்துவிட்டால் பாதி புரிந்துவிட்டது என்பது வகுப்பறையில் நான் கற்ற பாடம்.

உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியை ஆக்கித் தருவது இழைமணியே. நாம் உண்ட உணவின் சாரமும் சுவாசித்த உயிர்வளியும் அங்கேதான் சந்திக்கின்றன. அங்கே உண்டாகும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறுதான் உடல் செலவழிக்கும் நாணயம். இந்த நாணயத்தைச் சேமித்து வைக்க உடலில் பெட்டகம் இல்லை. உண்டாக்கி உண்டாக்கிச் செலவழிக்கவேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தின் கையிருப்பு சில நொடிகளுக்கே போதும். ஒரு நாளில் இதயம் புரட்டியெடுக்கும் ஏ.டி.பி.யின் எடை சுமார் 6 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதயத்தின் எடையோ கால் கிலோவுக்குச் சற்று மேல். ஆகவேதான் இதயத் தசை அணுவின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழைமணிகளே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இதயத்தின் உழைப்பு நமக்குத் தெரியும். நெஞ்சில் கை வைத்தால் கேட்கும். சிறுநீரகத்தின் உழைப்பு ஓசையற்றது. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த இரு உறுப்புகள், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தமக்கென்று வாங்கிக்கொள்கின்றன. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடிகட்டுகின்றன. அவ்வளவும் வெளியேறிவிட்டால் நாம் சில மணி நேரம்கூட உயிரோடிருக்க முடியாது. உப்பு, சர்க்கரை, நீர் என்று வேண்டியவற்றையெல்லாம் நுண்குழல்கள் மீண்டும் உள்ளிழுத்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டுமே வெளியே விடுகின்றன. வடிப்பதைவிட மீட்பதே பெரிய வேலை. அந்த மீட்பு வேலைக்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு இழைமணி வேண்டும். இழைமணிகள் செறிந்த உறுப்புகளின் வரிசையில் இதயத்துக்கு அடுத்த இடத்தைச் சிறுநீரகத்துக்கே தருகிறார்கள்.

*

இந்த இரண்டு உறுப்புகளும் சேர்ந்தே நலிவதை மருத்துவ உலகம் நெடுநாளாக அறியும். இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரகம் கெட்டு இறந்தவர்களின் இதயம் பருத்திருப்பதை 1836இலேயே எழுதிவைத்தார். ஆனால் இதற்கு ஒழுங்கான வகைப்பாடு கிடைத்தது 2008இல்தான். இத்தாலியச் சிறுநீரக மருத்துவர் கிளாடியோ ரோன்கோவும் அவருடைய குழுவினரும் இதய–சிறுநீரகக் கூட்டுநோயை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். இதயம் திடீரென நலிந்து சிறுநீரகத்தை இழுப்பது, நாட்பட நலிந்து இழுப்பது, சிறுநீரகம் திடீரெனவோ நாட்படவோ நலிந்து இதயத்தை இழுப்பது, மூன்றாவதாக ஒரு நோய் இரண்டையும் ஒருங்கே தாக்குவது என்பன அவை. ஐந்தாம் வகைக்கு நம்மூர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் நீரிழிவைச் சொல்லலாம்.

இழுத்துக்கொண்டு போகும் அந்தக் கயிறு எது? இதயம் நலிந்தால் முன்னே செல்லும் இரத்தம் குறைகிறது; பின்னே சிரைகளில் தேங்கிய இரத்தத்தின் அழுத்தம் சிறுநீரகத்தை நெரிக்கிறது. சிறுநீரகம் இதை நீர்ப்பஞ்சம் என்று தவறாக எண்ணி, உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும் சுரப்புகளை ஏவுகிறது. நலிந்த இதயத்தின்மேல் சுமை ஏறுகிறது. இதுவரை பழைய பாடம். இழைமணி ஆராய்ச்சி இதன் அடியில் இன்னொரு சுழலைக் காட்டுகிறது. உயிர்வளி குறைந்த நுண்குழல் அணுக்களில் இழைமணிகள் பழுதடைந்து, ஆற்றலுக்குப் பதிலாகக் கட்டுக்கடங்காத வினைத்திறன் கொண்ட உயிர்வளி மூலக்கூறுகளை உமிழ்கின்றன. மறுபக்கம், நலிந்த சிறுநீரகம் வெளியேற்றத் தவறிய கழிவுகள் இரத்தத்தில் சுற்றி, இதயத் தசையின் இழைமணிகளைக் கெடுக்கின்றன. இதயத்தின் ஆற்றல் குறைகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் மேலும் குறைகிறது.

இதில் ஒரு பழங்கதையும் அடங்கியிருக்கிறது. இழைமணிகள் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்றும், வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்து அங்கேயே தங்கிவிட்டவை என்றும் லின் மார்குலிஸ் 1967இல் எழுதினார். பல இதழ்கள் திருப்பியனுப்பிய கட்டுரை அது. இன்று பாடநூல் உண்மை. அந்தப் பழைய அடையாளமாக இழைமணிக்குள் தனியே ஒரு சிறு மரபணுத் தொகுதி இருக்கிறது. அதை நாம் பெறுவது தாய்வழியே. பழுதடைந்த இழைமணி சிதைந்து அந்த மரபணுத் துணுக்குகள் வெளியே சிந்தும்போது, உடலின் காவல் அமைப்பு அவற்றைப் படையெடுத்து வந்த பாக்டீரியா என்று கருதிப் போர் தொடுக்கிறது. அழற்சி மூள்கிறது. கோடானுகோடி ஆண்டுகள் கூடவே வாழ்ந்தவனை, வீடு இடிந்து தெருவுக்கு வந்ததும் அந்நியன் என்று அடிக்கிறோம்.

தமிழ்நாட்டிலும் இத்துறையில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். இரத்தத்தடை ஏற்பட்டு நீங்கிய எலி இதயங்களில் இழைமணிகளுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து வருகிறார்கள். இவையெல்லாம் ஆங்கில ஆய்விதழ்களில் வெளியாகின்றன. தஞ்சையில் நடக்கும் ஆய்வைத் திண்டுக்கல்லில் இருக்கும் நான் ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டியிருக்கிறது என்பதைத் தமிழாசிரியர்களான எங்களுக்கான குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

*

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாவற்றுக்கும் மூலம் இழைமணியே என்று நான் சொல்லவில்லை. இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, உப்பு, புகை ஆகியவையே நம் பெரும்பாலோரின் பகைவர்கள். இழைமணி அந்தப் பகைவர்கள் கைவைக்கும் இடங்களுள் ஒன்று. ‘இழைமணிக்கு வலுவூட்டும்’ மாத்திரைகள் என்று விளம்பரம் செய்து விற்கப்படுபவற்றை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையைக் கைவிடுவது தற்கொலைக்கு ஒப்பானது. ஆற்றல் குறைவு உண்மை. அதை ஒரு குப்பிக்குள் அடைத்து விற்கலாம் என்பது உண்மையன்று.

இதற்குச் சான்றாக இரண்டு மருந்துகளின் கதையைச் சொல்லவேண்டும். முதல் மருந்து பார்டாக்சலோன். உயிரணுக்களின் தற்காப்பைத் தூண்டி அழற்சியையும் இழைமணிச் சிதைவையும் தடுக்கும் என்ற எதிர்பார்ப்போடு, நீரிழிவால் சிறுநீரகம் மிகவும் கெட்ட 2,000க்கும் மேற்பட்டோரிடம் அது சோதிக்கப்பட்டது. சிறுநீரகக் கணக்கைப் பார்த்தால் வெற்றி. வடிகட்டும் அளவு ஏறியது. ஆனால் மருந்து உண்டவர்களில் இதயச் செயலிழப்பு கூடியது. 2012 அக்டோபரில் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். ஓர் உறுப்பின் எண் உயர்ந்தபோது மற்றோர் உறுப்பு மூழ்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, ‘கிளிப்ளோசின்’ என்று முடியும் பெயர்களைக் கொண்ட மருந்துக் குடும்பம். ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளில் இதன் வேர் இருக்கிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் நீரிழிவு மருந்தாகத்தான் இது வந்தது. 2015இல் எம்பாகிளிப்ளோசின் உண்ட நீரிழிவு நோயாளிகளிடம் இதய மரணம் குறைந்ததைக் கண்டு மருத்துவர்களே வியந்தனர். 2019இல் இதயச் செயலிழப்பிலும், 2020இல் நாட்பட்ட சிறுநீரக நோயிலும், நீரிழிவு இல்லாதவர்களுக்கும்கூட டாபாகிளிப்ளோசின் பயன் தந்தது. ஏன் என்பதற்கு ஒரே விடை இன்னும் இல்லை. நுண்குழலின் மீட்பு வேலையைக் குறைத்து அதன் ஆற்றல் செலவை மிச்சப்படுத்துகிறது என்பதும், இதயத்தின் எரிபொருளைச் சற்று மாற்றி இழைமணிக்கு இளைப்பாறல் தருகிறது என்பதும் முன்வைக்கப்படும் விளக்கங்களுள் சில. முன்பு எளியவர்க்கு எட்டாத விலையில் இருந்த டாபாகிளிப்ளோசின், 2020இல் காப்புரிமை முடிந்தபின் இந்தியாவில் பல நிறுவனங்களால் மலிவாகத் தயாரிக்கப்படுகிறது. எல்லோருக்கும் பொருந்தாது; மருத்துவரே முடிவுசெய்யவேண்டும். ஆயினும் இந்த இரண்டு கதைகளும் உணர்த்துவது ஒன்றே. இரண்டு உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் மருந்தின் உண்மை முகம் தெரிகிறது.

*

அப்பாவின் கதைக்குத் திரும்புகிறேன். ஐந்தாவது ஊசலாட்டத்துக்குப் பின், உறவினர் ஒருவர் சொல்லி, ஓர் இளம் அரசு மருத்துவரிடம் போனோம். அவர் இரண்டு கோப்புகளையும் வாங்கி ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். தேதிவாரியாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார். நீர் மாத்திரை, எடை, கிரியேட்டினின் என்று மூன்று பத்திகள். பிறகு, “ஐயா, இது ரெண்டுலயும் எழுதாத மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார்.

அப்பா தயங்கினார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலிநிவாரணி. தறிக்குழி தந்த வலி. பல ஆண்டுகளாக, வலி மிகுந்த நாட்களில் ஒன்று, சில நாட்களில் இரண்டு. “இது கால் வலிக்குத்தானேம்மா, இதயத்துக்கு இல்லையே” என்றார். அந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குள் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும். உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். இரண்டு உறுப்புகளையும் ஒரே நேரத்தில் அறைந்துகொண்டிருந்த கை அதுதான். இரண்டு கோப்புகளிலும் அது இல்லை. இதய மருத்துவர் இதயத்தைக் கேட்டார். சிறுநீரக மருத்துவர் சிறுநீரகத்தைக் கேட்டார். முழங்காலை யாரும் கேட்கவில்லை. உடன் போன படித்த மகனாகிய நானும் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இன்னும் சிலவும் அன்று வெளிவந்தன. “சிறுநீரகத்துக்கு நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும்” என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, வீங்கிய காலோடு அவர் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டிருந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னதால் அம்மா இந்துப்புக்கு மாறியிருந்தார். இந்துப்பின் பெரும்பகுதியும் அதே சோடியம் குளோரைடுதான் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இவற்றைத் தெரிந்துகொள்ள இழைமணி ஆராய்ச்சி தேவையில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து முழு மனிதனையும் தமிழில் கேட்கும் ஒருவர் தேவை.

*

சிறப்பு மருத்துவம் வேண்டாம் என்பது என் வாதமா? இல்லை. ஓர் உறுப்பை ஆழ்ந்து கற்றவர்கள் இல்லையேல் டயாலிசிஸும் இல்லை, இதய அடைப்புக்குக் குழாய் வைப்பதும் இல்லை. ஆழம் வேண்டும். ஆனால் ஆழமாகத் தோண்டிய இரண்டு கிணறுகளுக்கும் அடியில் ஓடும் நீர் ஒன்றுதான் என்பதை வறண்ட இந்தச் சமவெளியில் வாழும் நாம் மறக்கலாகாது.

இதற்கு வழிகாட்டுதல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி தொடங்கிய ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’ 1990களின் பிற்பகுதியிலிருந்து சென்னைக்கு அருகே சில கிராமங்களில் ஓர் எளிய வேலையைச் செய்தது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடுவீடாக அனுப்பி, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கிறதா என்று பார்க்கவும் இரத்த அழுத்தம் எடுக்கவும் செய்தார்கள். குறை கண்டவர்களுக்கு மலிவான பழைய மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் குறைவான செலவில் இது நடந்தது. இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் கட்டுப்பட்டால் காப்பாற்றப்படுவது சிறுநீரகம் மட்டுமன்று, இதயமும்தான். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலர் டயாலிசிஸ் நிலையை எட்டும் முன்பே இதய நோயால் இறந்துபோகிறார்கள் என்பதை நினைத்தால் இந்த எளிய வேலையின் அருமை விளங்கும். கிராமப் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி என்பது எங்கள் பகுதிக்கும் புதிதன்று; சௌந்தரம் அம்மையார் 1947இல் காந்திகிராமத்தை அமைத்தது சின்னாளபட்டிக்கு அருகில்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர் இரத்த அழுத்தத்தோடு சேர்த்து, “வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கால் வீங்குகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?” என்ற மூன்று கேள்விகளையும் கேட்டால் கூடுதல் செலவு ஏதுமில்லை.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. இங்கும், இதுபோன்ற பிற மாவட்டக் கல்லூரிகளிலும், வாரத்தில் ஒரு முற்பகல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கும் கூட்டுப் புறநோயாளர் பிரிவு நடக்கவேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. இதய நோயாளிக்கெல்லாம் கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும், சிறுநீரக நோயாளிக்கெல்லாம் இதயப் பரிசோதனையும் கேட்காமலே செய்யப்படவேண்டும் என்பது இரண்டாவது. ஒரு நோயாளிக்கு ஒரே குறிப்பேடு, அவர் படிக்கும் மொழியில் இருக்கவேண்டும் என்பது மூன்றாவது.

மூன்றாவதில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை இருக்கிறது. கலைச்சொல் அகராதிகளை அச்சிட்டு அடுக்குவதோடு தமிழ்த்துறைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. மருத்துவர் ஒருவரோடு உட்கார்ந்து, இதயமும் சிறுநீரகமும் நலிந்தவருக்கான இரண்டு பக்கக் கையேட்டை, சின்னாளபட்டி நெசவாளியும் வேடசந்தூர் ஆலைத் தொழிலாளியும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுத ஒரு மாதம் போதும். எங்கள் துறை மாணவர்களோடு அதைத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி இழைமணியைப் பற்றியதன்று. வலி மாத்திரையைப் பற்றியது.

அப்பா இப்போது தினமும் காலையில் எடை பார்த்துச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் எழுதுகிறார். சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திரும்பாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்பது மாதமாக நள்ளிரவில் எழுந்து உட்காரவில்லை. நீல உறையைத் துணிப்பைக்குள் வைத்துவிட்டோம். எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டும் சேர்ந்தே போகின்றன.